பஸ் ஸ்டாண்டு, மூணாவது தூணு: சப்போர்ட்டிவ் ஹவுசிங்னா என்னன்னு கொஞ்சம் பேசுவோம்

நாகர்கோவில்ல வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எனக்கு ஒரு சின்ன கடை உண்டு. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கிறது, புள்ளைகளுக்கு ரிசல்ட் பாத்துச் சொல்றது, இதான் பொழப்பு. ஒரு ஆனி மாசம், மழை விட்டு விட்டு பெய்ஞ்சிட்டு இருந்த மத்தியானம், ஒரு பாட்டா வந்து முதியோர் பென்ஷனுக்கு எழுதணும்னாரு. பேரு சொன்னாரு, வயசு சொன்னாரு, அப்பா பேரு சொன்னாரு, நானும் தட்டிட்டே வந்தேன். கதவு எண்ணுன்னு ஒரு கட்டம் வந்துச்சு, பக்கத்துல செவப்பு ஸ்டாரு, அத நெரப்பாம அடுத்த பக்கத்துக்கே விடாது. "கதவு நம்பர் என்ன பாட்டா?"ன்னேன். கொஞ்ச நேரம் மானிட்டரையே பாத்துட்டு நின்னவரு, "பஸ் ஸ்டாண்டு, மூணாவது தூணு, மக்கா"ன்னாரு.

நான் சிரிச்சிட்டேன். அவரு சிரிக்கல.

பாட்டா பரோட்டா மாஸ்டரா இருந்தவரு. ஹோட்டல் வேலையில ஒரு விஷயம் பாத்தீங்கன்னா, சோறும் முதலாளியோடது, தங்குற எடமும் முதலாளியோடது, மாடியில ஒரு ரூம்ல எட்டு பேரு பாய விரிச்சுப் படுத்துக்கிடுவாங்க. வருஷக்கணக்குல அப்படியே ஓடிரும், வீடுன்னு ஒண்ணு இல்லைங்கிறதே தோணாது. முட்டு தேய்ஞ்சு அடுப்பு முன்னால நிக்க முடியாம போன அன்னைக்குத்தான் வேலை, சோறு, படுக்கை மூணும் ஒரே சாயங்காலத்துல போகும். பாட்டாவுக்கும் அப்படித்தான் போச்சு.

அதுக்கப்புறம்தான் நான் இந்த விஷயத்த தேடி படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்துச்சு, சப்போர்ட்டிவ் ஹவுசிங். தமிழ்ல துணையோட கூடுன வீடுன்னு வச்சுக்கலாம். நம்ம ஊர்ல இத பத்தி பேசுனா பாதி பேரு "ஓ, அநாதை ஆசிரமமா"ன்னு கேக்காங்க, மீதி பேரு "நைட் ஷெல்டர்தான மாநகராட்சில இருக்குமே"ன்னு சொல்றாங்க. ரெண்டும் கிடையாது. அந்த வித்தியாசத்த சொல்லத்தான் இத எழுதுறேன், நான் இந்த துறை ஆளு இல்ல, கடைக்காரன், அதனால கடைக்காரன் பாஷையிலதான் வரும்.

முதல்ல வீடில்லாதவங்கன்னா யாரு? சென்சஸ்காரங்க இதுக்குன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. ரோட்டோரம், பிளாட்பாரம், பாலத்துக்கு அடியில, மாடிப்படிக்கு கீழ, பெரிய சிமெண்ட் குழாய்க்குள்ள, கோயில் வாசல்ல, ரயில்வே ஸ்டேஷன்ல திறந்தவெளியில படுக்குறவங்க. 2011ல இவங்கள எண்ணுறதுக்குன்னே பிப்ரவரி 28 ராத்திரிய ஒதுக்கி, ஆளுகள அனுப்பி எண்ணுனாங்க. அன்னைக்கு ராத்திரி நாடு முழுக்க எண்ணிக்கையில வந்தது 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல, தமிழ்நாட்டுல 50 ஆயிரத்துக்கு மேல. ஆனா யோசிச்சுப் பாருங்க, ராத்திரி ஆம்பளைங்க தூணுக்கு கீழ தெரியிற மாதிரி படுத்துக்கிடுவாங்க, பொம்பளைங்க படுக்க மாட்டாங்க, படுக்கவும் முடியாது, கண்ணுக்குப் படாத எடமா பாத்து ஒதுங்கிருவாங்க, இல்லன்னா விடிய விடிய நடந்துட்டே இருப்பாங்க. ஒரு ராத்திரியில எண்ணுனா அவங்க எப்படி வருவாங்க.

எங்க மாவட்டத்துக்குன்னு தனியா ஒரு கதை இருக்கு. கன்னியாகுமரி ஸ்டேஷனோட தண்டவாளம் முடிஞ்சிருது. அசாம் திப்ருகர்ல கெளம்புற விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல ஓடி இங்க வந்துதான் நிக்கும், வடக்க கத்ராவுல ஏறுற ஹிம்சாகரும் இங்கதான் வந்து முடியும். மனசு சரியில்லாம வீட்ட விட்டு எறங்குன ஒரு ஆளு, எங்க போறோம்னு தெரியாம ஏதோ ஒரு வண்டியில ஏறி உக்காந்துட்டா, எறக்கி விட யாரும் இல்லன்னா, கடைசியில வந்து நிக்குற எடம் நம்ம ஊரு. எறங்கி ரெண்டு எட்டு வச்சா கடல். இதுக்கு மேல போக தரை கிடையாது. முக்கடல் பக்கம் விடியக்காலைல போயிப் பாத்தா, சூரியன பாக்க வந்த கூட்டத்துக்கு நடுவுல, எந்த பாஷையில பேசுறாங்கன்னே நமக்குப் புடிபடாத ஒருத்தரு ரெண்டு பேரு இருப்பாங்க. அத தவிர இங்கயே உள்ளவங்க: சொத்த எழுதி வாங்கிட்டு புள்ளைங்க வெளிய தள்ளுன பெருசுக, குடியால வீட்டுக்குள்ள சேக்காத ஆளுக, வேலை தேடி வந்து ஏஜெண்ட் ஏமாத்துன வடக்கத்தி பசங்க, அடி தாங்காம எறங்குன பொம்பளைங்க. எல்லாரையும் ஒரே பையில போட்டு "பிச்சக்காரன்"னு கட்டிருறோம், அதுதான் முதல் தப்பு. பாட்டா ஒரு நாளும் கை நீட்டுனது இல்ல, ஹோட்டல்ல வெங்காயம் உரிச்சுக் குடுத்து அம்பது ரூவா வாங்குவாரு.

இப்போ ஷெல்டர் விஷயத்துக்கு வருவோம். 2010ல டெல்லி குளிர்ல ரோட்டுல படுத்த ஜனங்க செத்துப் போன விவகாரத்துல சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, பெரிய நகரங்கள்ல லட்சம் பேருக்கு ஒரு ஷெல்டர், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்து வைக்கணும்னு சொல்லிச்சு. 2013ல வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்துல அத ஒரு திட்டமாவே சேத்தாங்க, ஒரு ஷெல்டர்ல 50லேந்து 100 பேரு, தலைக்கு கொறஞ்சது 50 சதுர அடி, தண்ணி, கக்கூஸ், கரண்டு, சமையல் பண்ண எடம்னு கணக்கு போட்டு எழுதியிருந்தாங்க. நாகர்கோவில்ல 2011 கணக்குப்படியே 2 லட்சத்து 24 ஆயிரம் பேருக்கு மேல இருந்தாங்க, 2019ல மாநகராட்சியும் ஆயாச்சு, அந்த கணக்க நீங்களே போட்டுக்குங்க.

ஷெல்டர நான் குறை சொல்லல. மழைக்கு ஒதுங்க கூரை வேணும்ல, அதுவும் நம்ம மாவட்டத்துல ஆனி ஆடியிலயும் பெய்யும், ஐப்பசி கார்த்திகையிலயும் பெய்யும், ரெண்டு பருவமும் வாங்குற ஊரு இது, வருஷத்துல பாதி ராத்திரி தரை காயாது. ஆனா ஷெல்டருங்கிறது நம்ம பழைய வழியம்பலம் மாதிரி. திருவிதாங்கூர் காலத்துல கட்டுன கல்மண்டபம் இன்னும் ரோட்டோரம் அங்கங்க நிக்கத்தான் செய்யுது. நடந்து போறவன் படுத்து எந்திரிச்சுப் போக கட்டுனது. அவனுக்கு போற எடத்துல ஒரு வீடு உண்டு, வந்த எடத்துலயும் ஒரு வீடு உண்டு, நடுவுல ஒரு ராத்திரிக்குத்தான் மண்டபம். ரெண்டு பக்கமும் வீடு இல்லாதவன கொண்டு போயி வழியம்பலத்துல விட்டா அவன் எந்திரிச்சு எங்க போவான், மறுநாளும் அங்கதான் படுப்பான்.

பாட்டாவும் கொஞ்ச நாளு ஒரு ஷெல்டர்ல இருந்து பாத்தாரு. எந்த ஊருன்னு சொல்ல வேண்டாம். சோறு கெடச்சுது, நல்ல சோறுதான்னாரு. ஆனா பக்கத்துல படுத்தவன் ராத்திரி முழுக்க கத்துறான், செருப்பு ரெண்டு தடவ களவு போச்சு, ஒரு நாள் லேட்டா வந்ததுக்கு வார்டன் எல்லாரு முன்னாலயும் வச்சு புள்ளைய ஏசுற மாதிரி ஏசிட்டாரு. "தூணுக்கு கீழன்னா நான் நெனச்ச நேரம் எந்திரிப்பேன் மக்கா"ன்னாரு. அவரு படுக்குற விதத்த ஒரு நாள் ராத்திரி கடைய அடைக்கும்போது பாத்தேன். செருப்ப தலைக்கு அடியில வச்சு அது மேல துண்டு, பையோட காத கைமணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்தி கட்டியிருந்தாரு, மருந்து சீட்ட பிளாஸ்டிக் கவர்ல போட்டு பனியனுக்குள்ள சொருகியிருந்தாரு. தூங்கும்போதும் காவல் வேலை. அப்படித் தூங்குற ஆளுகிட்ட போயி "காலையில எட்டு மணிக்கு கரெக்டா வேலைக்கு வா"ன்னு நாம சொல்றோம்.

சரி, அப்போ சப்போர்ட்டிவ் ஹவுசிங்ல என்னதான் வித்தியாசம்?

ஒரு வீடு, சின்னதோ ஒத்த ரூமோ, ஆனா சாவி அவருகிட்ட. வாடகை ஒப்பந்தம் அவரு பேருல. இவ்வளவு நாளைக்குள்ள காலி பண்ணணும்னு கெடு கிடையாது, மத்த குடித்தனக்காரன் மாதிரி வாடகை குடுத்து ஒழுங்கா இருந்தா இருந்துட்டே போகலாம். வாடகையும் வருமானத்த பாத்துத்தான், அமெரிக்கால இப்படி நடத்துற எடங்கள்ல வருமானத்துல 30 சதவீதம்னு வைப்பாங்க, மீதிய திட்டத்துலேந்து குடுத்துருவாங்க. இது வீடு. கூட துணைன்னு ஒண்ணு இருக்கு: வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ ஒரு ஆளு வந்து பாப்பாங்க, டாக்டர் வேணும்னா ஏற்பாடு பண்ணுவாங்க, கார்டு, பேங்க், வேலைன்னு எது இடிக்குதோ அதுக்கு கூட நிப்பாங்க. முக்கியமான விஷயம் என்னன்னா இந்த துணைய அவரு வேண்டாம்னு சொன்னாலும் வீடு போகாது. மாத்திரை போடலைன்னு வீட்ட பூட்டக் கூடாது. குடிச்சிட்டான்னு வெளிய தள்ளக் கூடாது. வாடகை பாக்கி வச்சா, பக்கத்து வீட்டுக்காரன அடிச்சா, அப்போ மத்த குடித்தனக்காரனுக்கு என்ன சட்டமோ அதே சட்டம்.

இங்கதான் எல்லாருக்கும் தொண்டையில மாட்டும். குடிகாரனுக்கு வீடா? எனக்கும் மாட்டுச்சு. பழைய முறை எப்படின்னா படி ஏறுற மாதிரி, முதல்ல குடிய விடு, அப்புறம் ஷெல்டர்ல ஒழுங்கா இருந்து காட்டு, அப்புறம் விடுதி, எல்லாத்துலயும் பாஸானா கடைசியில வீடு. படி ஏறுறவன்ல நெறைய பேரு நடுவுல வழுக்கி கீழ விழுந்துருவான், விழுந்தா திரும்பவும் முதல் படி. 1992ல நியூயார்க்ல சாம் செம்பெரிஸ்னு ஒரு உளவியல்காரரு இத தலைகீழா திருப்புனாரு, முதல்ல வீட்ட குடு, மத்தத அப்புறம் பாப்போம்னு. ஹவுசிங் ஃபர்ஸ்ட்னு அதுக்குப் பேரு. அவரு தெருவுல இருந்து கூட்டிட்டு வந்து வச்சது மனநோயும் போதையும் சேந்து இருந்த ஆளுகள, அதாவது யாரும் சேக்காத ஆளுகள.

நடந்துச்சான்னா, நடந்துச்சு. கனடாவுல 2009லேந்து 2013 வரைக்கும் அஞ்சு நகரத்துல 2,000 பேருக்கு மேல சேத்து சோதிச்சுப் பாத்தாங்க. சீட்டு குலுக்குற மாதிரி பிரிச்சு ஒரு கூட்டத்துக்கு முதல்லயே வீடு, இன்னொரு கூட்டத்துக்கு வழக்கமா கெடைக்கிற உதவி. கடைசி ஆறு மாசத்துல வீடு கெடச்சவங்கள்ல 62 சதவீதம் பேரு முழு நேரமும் வீட்டுலயே தங்கியிருந்தாங்க, வழக்கமான உதவி வாங்குனவங்கள்ல 31 சதவீதம்தான். சரியா ரெண்டு மடங்கு. ஆனா ஒண்ணு சொல்லிருதேன், குடி விஷயத்துல ரெண்டு கூட்டத்துக்கும் பெருசா வித்தியாசம் வரல. வீடு குடுத்தா குடி தன்னால நின்னுரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வீடு குடுத்தா வீடு இருக்கும், அவ்வளவுதான் அது தர்ற உறுதி. குடிய பத்தி பேச ஒரு எடமும் ஒரு ஆளும் கெடைக்கும்.

இதுல எங்க ஊருக்காரனுக்கு ருசியான ஒரு துணுக்கு இருக்கு. பின்லாந்துல ஹெல்சிங்கி நகரத்துல பெரிய ஷெல்டர் ஒண்ணு, வரிசையா கட்டில் போட்டு 250 பேரு படுக்குற எடம், அத நடத்துனது யாருன்னா நம்ம இரட்சணிய சேனை. புத்தேரி பக்கம் கேதரின் பூத் ஆஸ்பத்திரி வச்சிருக்காங்கல்ல, அதே சேனைதான். 2008ல பின்லாந்து அரசாங்கம் ஷெல்டர குறைச்சு வீடா மாத்துறதுன்னு முடிவு பண்ணுனப்போ, அந்த கட்டிடத்த உள்ளுக்குள்ள இடிச்சு பிரிச்சு 80 சொச்சம் தனித்தனி பிளாட்டா மாத்திட்டாங்க, ஒவ்வொண்ணுக்கும் தனி கதவு, தனி சாவி, அதே கட்டிடத்துலயே உதவிக்கு ஆளுக. 1987ல 18,000 பேருக்கு மேல வீடில்லாம இருந்த நாடு, 2022ல 4,000த்துக்கு கீழ வந்துச்சு. 2024ல கொஞ்சம் திரும்ப ஏறியிருக்கு, காசு குறைச்சா ஏறும்போல. சின்ன நாடு, பணக்கார நாடு, நமக்கு சரிப்பட்டு வருமான்னு கேக்கலாம், கேக்கணும். ஆனா அவங்க முதல்ல செஞ்சது பணம் போட்டது மட்டும் இல்ல, கட்டில எண்ணுறத விட்டுட்டு கதவ எண்ண ஆரம்பிச்சாங்க.

துணைன்னா என்னன்னு இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா எல்லாரும் வீட்டுலயே நின்னுருவாங்க, துணைய விட்டுருவாங்க. நம்ம பக்கம் ரோட்டோரம் சுமைதாங்கிக் கல்லு பாத்திருப்பீங்க. ரெண்டு கல்லு நட்டு மேல ஒரு கல்லு படுக்க வச்சிருக்கும், ஆளோட தோளு ஒயரத்துக்கு. வயித்துல புள்ளையோட செத்துப் போன பொண்ணு ஞாபகமா வச்சதுன்னு பெரியவங்க சொல்வாங்க. அந்த ஒயரத்த கவனிச்சிருக்கீங்களா? தலைச்சுமைய தரையில எறக்கிட்டா திரும்ப தூக்கி விட இன்னொரு ஆளு வேணும். தோளு ஒயரத்துல வச்சா ஒத்தையில எறக்கலாம், மூச்சு வாங்கலாம், ஒத்தையிலயே திரும்ப ஏத்திக்கிட்டு நடக்கலாம். கல்லு சுமைய வாங்கிட்டு ஓடிராது. அப்படி வந்து பாத்துக் கூட நிக்கிற ஆளத்தான் கேஸ் ஒர்க்கர்னு சொல்றாங்க, நல்ல கேஸ் ஒர்க்கர் வேலையும் கிட்டத்தட்ட அந்த ஒயரம்தான், அதுக்கு கீழயும் போகக் கூடாது, மேலயும் போகக் கூடாது.

செய்யுறது எல்லாம் சில்லறை வேலைதான் கேட்டீங்களா. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு ஓபி சீட்டு எடுக்க கூட போறது. மாத்திரைய காலை, ராத்திரின்னு டப்பாவுல பிரிச்சு வைக்கிறது. கேஸ் அடுப்ப எப்படி பத்த வைக்கிறதுன்னு காட்டுறது, ஒரு ஆளுக்கு மட்டும் எவ்வளவு அரிசி போடணும்னு சொல்றது, பாட்டா மாதிரி 200 பேருக்கு மாவு பிசைஞ்சவருக்கு இது சிரிப்பா இருக்கும் ஆனா அவரே முதல் வாரம் ரெண்டு நாளு சோறு மிஞ்சி கொட்டுனேன்னாரு. வீட்டு ஓனருக்கும் இவருக்கும் தண்ணி மோட்டருக்கு சண்ட வந்தா நடுவுல நிக்கிறது. ரொம்ப வருஷம் தெருவுல படுத்தவங்க வீட்டுக்குள்ள வந்த முதல் நாளுகள்ல கட்டில்ல படுக்க மாட்டாங்களாம், கதவு பக்கம் தரையில சுருண்டுக்கிடுவாங்களாம், லைட்ட அணைக்க விட மாட்டாங்களாம். சில பேரு ரெண்டாவது வாரமே திரும்ப பிளாட்பாரத்துக்கு போயிருவாங்க, தெரிஞ்ச முகம் எல்லாம் அங்கதான இருக்கு. அப்போ போயி கூட்டிட்டு வர்றதும் வேலைதான். தோத்துட்டாருன்னு அர்த்தம் இல்ல.

பேப்பர் வேலை தனி மலை. அட்ரஸ் இல்லன்னா கார்டு இல்ல, கார்டு இல்லன்னா பேங்க் இல்ல, பேங்க் இல்லன்னா பென்ஷன் 1,200 ரூவா வர்ற வழி இல்ல, பென்ஷன் இல்லன்னா வாடகை இல்ல, வாடகை இல்லன்னா அட்ரஸ் இல்ல. செக்கு மாடு. நடுவுல வழி இல்லாம இல்ல, ஆனா யாருக்கும் தெரியாது. அங்கீகாரம் உள்ள ஷெல்டர் பொறுப்பாளர் குறிப்பிட்ட படிவத்துல கையெழுத்து போட்டா ஆதாருக்கு அத முகவரியா எடுத்துக்கிடுவாங்க. அத விட எனக்கு ரொம்ப புடிச்சது ஓட்டர் ஐடி விதி: வீடில்லாத ஆளு படிவம் 6ல படுக்குற எடத்த எழுதிக் குடுத்தா போதும், அட்ரஸ் ப்ரூஃப் கேக்கக் கூடாது, வாக்குச்சாவடி அலுவலரு ராத்திரியில ஒண்ணுக்கு மேல தடவ அந்த எடத்துக்கு போயி, ஆளு நெசமாவே அங்கதான் படுக்குறாரான்னு பாக்கணும். இத படிச்சுட்டு பாட்டாகிட்ட சொன்னேன், எலெக்‌ஷன் கமிஷனுக்கு ஒங்க மூணாவது தூணு செல்லும்னு. "அப்போ தூணுக்கு வரி கேப்பானுவளா மக்கா"ன்னாரு.

நம்ம நாட்டுல இந்த யோசனை எந்த வழியா வந்துச்சுன்னா, மனநலம் வழியா. ஏர்வாடி ஞாபகம் இருக்குமே. 2001 ஆகஸ்ட் 6, அங்க மனநோயாளிகள வச்சிருந்த ஒரு காப்பகத்துல விடியக்காலைல தீ புடிச்சப்போ, சங்கிலியில கட்டிப் போட்டிருந்த 28 பேரு ஓட முடியாம செத்தாங்க. வீட்டுல வச்சுக்க முடியாதுன்னு கொண்டு போயி விட்டவங்க. அதுக்கப்புறம் நெறைய பேசி, நெறைய சண்டை போட்டு, 2017ல மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்துச்சு. சங்கிலி போடக் கூடாது. வீடு இல்ல, குடும்பம் ஏத்துக்கலங்கிற ஒரே காரணத்துக்காக ஒருத்தர மனநல ஆஸ்பத்திரியிலயே அடைச்சு வைக்கக் கூடாது, சமூகத்துக்குள்ள வாழுறது அவரு உரிமை, அதுக்கு வேண்டிய விடுதிகளையும் குழு வீடுகளையும் அரசாங்கம் ஏற்பாடு பண்ணணும்னு சட்டமே சொல்லுது. மனநோய் உள்ள மாதிரி தெரியிற ஆளு ரோட்டுல அலைஞ்சா போலீஸ் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி பாதுகாப்புல எடுத்து 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரியில கொண்டு சேக்கணும், லாக்கப்புல வைக்கக் கூடாது, வீடு தெரியலன்னா காணாம போனவருன்னு எஃப்ஐஆர் போட்டு குடும்பத்த தேடணும். நம்ம கன்னியாகுமரி ஸ்டேஷன்ல வந்து எறங்குற ஆளுக்குத்தான் இந்த விதி எழுதுன மாதிரி இருக்கு.

சென்னையில 1993ல ரெண்டு இளம்பொண்ணுங்க ஆரம்பிச்ச பேன்யன்கிற அமைப்பு, வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார், தெருவுல கெடந்த மனநோய் உள்ள பெண்கள எடுத்து வைத்தியம் பண்ணி குடும்பத்தோட சேத்து வச்சுட்டு வந்தாங்க. ஆனா சில பேருக்கு திரும்பிப் போக குடும்பம்னே ஒண்ணு இல்ல. வருஷக்கணக்கா ஹோம்லயே கெடப்பாங்க, நல்லா ஆன பிறகும். அவங்களுக்காக ஹோம் அகெய்ன்னு ஒரு திட்டம் வச்சாங்க, சாதாரண தெருவுல சாதாரண வீட்ட வாடகைக்கு எடுத்து, நாலஞ்சு பெண்கள் சேந்து இருப்பாங்க, பக்கபலமா ஒரு ஆளு இருப்பாங்க. சமைப்பாங்க, சண்ட போடுவாங்க, மார்க்கெட்டுக்குப் போவாங்க, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதுவாங்க. நியூயார்க் மாதிரி ஆளுக்கு ஒரு பிளாட்டுன்னு வைக்காம சேந்து இருக்குற மாதிரி வச்சது நம்ம ஊருக்குப் பொருந்துதுன்னு எனக்குத் தோணுது, தனியா ஒரு ரூம்ல ஒத்தையில இருக்கிறது நம்ம ஆளுகளுக்கு பாதி நேரம் தண்டனை மாதிரி. எல்லாருக்கும் இல்ல, பாட்டாவுக்கு தனியாத்தான் வேணும், எட்டு பேரோட படுத்து சலிச்சவரு.

நம்ம மாவட்டத்துல இத யாராவது செய்ய நெனச்சா முதல்ல இடிக்கப் போறது காசு இல்ல. வாடகைக்கு வீடு கெடைக்காது, அதான். நாகர்கோவில்ல வீடு தேடுனவங்களுக்கு தெரியும், ஃபேமிலிக்கு மட்டும்னு போர்டு தொங்கும், பேச்சிலர்னா போன வச்சுருவாங்க, சொந்த ஊரு எதுன்னு கேட்டு, சர்ச்சா கோயிலான்னு கேட்டு, அப்புறம் சுத்தி வளைச்சு என்ன ஆளுன்னு கேப்பாங்க, இதுல பத்து மாச அட்வான்ஸ். ஐடி கம்பெனி பையனுக்கே இந்த பாடுன்னா தூணுக்கு கீழ இருந்து வர்ற ஆளுக்கு? அதனாலதான் இந்த மாதிரி திட்டம் நடத்துறவங்க ஓனருகிட்ட அமைப்பு பேருலயும் ஒரு ஒப்பந்தம் போடுவாங்க, வாடகைக்கு நாங்க பொறுப்பு, எதுவும் ஒடஞ்சா நாங்க பொறுப்பு, ராத்திரி பிரச்சனைன்னா இந்த நம்பருக்கு கூப்பிடுங்கன்னு சொல்லி. ஓனருக்கு பயம் தெளியிறதும் அந்த துணை வேலையில ஒரு பங்கு.

அதே நேரம் எல்லாருக்கும் இது வேணும்னு கிடையாது. பர்ஸ் தொலைஞ்ச வடக்கத்தி பையனுக்கு ஒரு டிக்கெட்டும் வீட்டுக்கு ஒரு போனும் போதும், அவனுக்கு வாழ்நாள் வீடு எதுக்கு. புள்ளைங்க வெளிய தள்ளுன அப்பா அம்மாவுக்கு 2007 சட்டம் இருக்கு, ஆர்டிஓகிட்ட, அதாவது வருவாய் கோட்டாட்சியர்கிட்ட மனு குடுத்தா மாசம் 10,000 ரூவா வரைக்கும் ஜீவனாம்சம் வாங்கலாம், வக்கீல் வேண்டியதில்ல. கூலி வேலைக்காரனுக்கு கட்டுபடியாகுற வாடகையில ஒரு ரூம் இருந்தா போதும், கேஸ் ஒர்க்கர் எதுக்கு. வீடும் வேணும், துணையும் வேணும், ஒண்ணு இல்லாம ஒண்ணு நிக்காதுங்கிற நெலமையில உள்ளவங்களுக்குத்தான் சப்போர்ட்டிவ் ஹவுசிங்: நீண்ட நாள் மனநோய், குடி, உடம்பு முடியாம போறது, வருஷக்கணக்கா தெரு. எண்ணிக்கையில கொஞ்சம் பேருதான், ஆனா ஆஸ்பத்திரி, போலீஸ், ஷெல்டர்னு சுத்திச் சுத்தி வர்றது அவங்கதான்.

நீங்க ரோட்டுல பாத்தா என்ன செய்யலாம்னு கேப்பீங்க. மனநலத்துக்கு 14416, வயசானவங்களுக்கு 14567, பொம்பளைங்களுக்கு 181, கொழந்தைன்னா 1098, உசுருக்கு ஆபத்துன்னா 108. பேரு கேளுங்க. மொபைல எடுத்து வீடியோ புடிக்காதீங்க. இப்போ ஒரு கூட்டம் கெளம்பியிருக்கு, ஆள உக்கார வச்சு முடி வெட்டி, குளிக்க வச்சு, புது சட்டை போட்டு, முன்னால பின்னாலன்னு பாட்டு சேத்துப் போடுறது. சட்டை மூணு நாள்ல அழுக்காகிரும், வீடியோ சாகுற வரைக்கும் நிக்கும், அந்த ஆளோட பேத்தி என்னைக்காவது அத பாக்கும்.

பாட்டா விஷயம் என்னாச்சுன்னா, ஒழுகினசேரியில ஒரு அம்மச்சி தனியா இருக்காங்க, பழைய ஓட்டு வீடு, பின்பக்கம் ஒரு சாய்ப்பு ரூம், முன்ன தேங்காய் போட்டு வச்சிருந்த எடம். அவங்க மகன் வெளிநாட்டுல, ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் வருவாங்க. பேசிப் பாத்தேன், முதல்ல முடியாதுன்னாங்க, நாலாவது தடவ சரின்னாங்க. அட்வான்ஸ 5,000 ரூவாய நாங்க கடைக்காரங்க அஞ்சு பேரு போட்டோம், வாடகை 1,200, பென்ஷன் வந்தா அப்படியே அம்மச்சிக்கு போயிரும், சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்கிற காசு. இத போயி சப்போர்ட்டிவ் ஹவுசிங்னு சொன்னா படிச்சவங்க சிரிப்பாங்க. கேஸ் ஒர்க்கர் கிடையாது, நர்ஸ் கிடையாது, நாளைக்கு அம்மச்சிய மகன் கூட்டிட்டுப் போயிட்டா என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் திட்டம்னு ஒண்ணு வேணும்னு கெடந்து அடிச்சுக்குறேன், கடைக்காரன் அஞ்சு பேரு போட்ட காசுல எத்தன தூணு காலியாகும்.

அப்ளிகேஷன திரும்ப போட்டோம். கதவு எண் கட்டத்துல அம்மச்சி வீட்டு நம்பர அடிச்சு, பக்கத்துல பின்பக்கம்னு சேத்தேன். பென்ஷன் வர ஏழு மாசம் ஆச்சு, அது வேற கதை.

அந்த ரூமுக்கு குடி போன மறுநாளு காலையில பாட்டா கடைக்கு வந்தாரு, கையில சாவி. "மக்கா, இதுக்கு ஒரு ஜெராக்ஸ் போட்டுத் தா"ன்னாரு. விளையாட்டுக்கு கேக்காரோன்னு பாத்தேன், இல்ல, நெசமாத்தான் கேட்டாரு. பஸ் ஸ்டாண்டு வெளிய பூட்டு ரிப்பேர் பண்றவருகிட்ட கூட்டிட்டுப் போயி அரைச்சு வாங்கிக் குடுத்தேன். ஒண்ண அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டு இன்னொண்ண என்கிட்ட நீட்டுனாரு, தொலைச்சுட்டா எங்க போயி நிக்கதுன்னு. இப்போ என் டிராயர்ல ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்குள்ள கெடக்கு. இதுவரைக்கும் மூணு தடவ வந்து வாங்கிட்டுப் போனாரு, மூணு தடவையும் சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் கொண்டு வந்து தந்துட்டாரு.